எலுமிச்சம்பழமா? டெம்பரேச்சர் மீட்டரா?

(சரக்கு வண்டி ஓட்டும் தோழர்களும் பட்டறைத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், பிக்கப் வண்டிக்கு வெளியில் வாங்கித் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் பொருத்திக் கொள்ளுவது என்பதைப் பற்றியதாகும். சுயமரியாதைக் கூட்டம் என்றால் கடவுள், மதம், ஜாதி, புராணம் ஆகியவைகளைப் பற்றித்தானே பேசுவார்கள். இஞ்சின் சூட்டுக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் நமது அபிப்பிராயம். மனிதன் தனக்குத் தெரிய வேண்டிய ஒரு காரியத்தைத் தானே அளந்து பார்த்துத் தெரிந்து கொள்ளுகிறானா, அல்லது யாரோ ஒருவர் "எல்லாம் சரியாயிருக்கிறது, போ" என்று சொல்லுவதை நம்பிக்கொண்டு போகிறானா என்பதே பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள பேதமாகும். அந்தப் பேதத்தைக் கோவிலில் போய்த் தேட வேண்டியதில்லை. உங்கள் வண்டியின் டேஷ்போர்டிலேயே பார்க்கலாம்.

வண்டி எடுக்கும் நாள்

ஒரு தோழர் கடன் வாங்கி, "குட்டி யானை" என்று நாம் சொல்லுகிறோமே அப்படி ஒரு சின்ன வண்டியோ, அதைவிடப் பெரிய பிக்கப்போ எடுக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் என்ன பார்க்கிறார்? ராகு காலம், எமகண்டம் பார்க்கிறார். நாலு சக்கரத்திற்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். முன்னால் பழமும் மிளகாயும் கோர்த்துத் தொங்கவிடுகிறார். கறுப்புக் கயிறு கட்டுகிறார். நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்கிறார். அந்தப் பூசணிக்காயில் வழுக்கி இரு சக்கர வண்டிக்காரன் விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதை எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இவ்வளவும் செய்தவர், ரேடியேட்டர் மூடி எத்தனை அழுத்தம் பிடிக்கும் என்று கேட்டாரா? தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரியில் திறக்கும் என்று கேட்டாரா? டேஷ்போர்டில் இருக்கிற முள் எதைக் காட்டுகிறது என்று கேட்டாரா? கேட்கவில்லை. விற்பவனும் சொல்லவில்லை. பூசாரிக்கோ அது தெரியாது.

இனி, இந்த வண்டி பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. திம்பத்திற்கு 27 வளைவு. டீசல் எரிந்து உண்டாகிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகந்தான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பாகம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். தரையில் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. மலையிலோ பாரம் அதிகம், கியர் சிறிது, வேகம் குறைவு, காற்றும் குறைவு. ரேடியேட்டரின் கண்ணில் சேறும் வைக்கோலும் பூச்சியும் அடைத்திருந்தாலும், போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றி உள்ளே உப்புப் படிந்திருந்தாலும், ஒழுகுகிறதென்று மஞ்சள் தூளைக் கொட்டிக் குழாயை அடைத்து வைத்திருந்தாலும், அங்கேதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம் ஒரு டிகிரி சூட்டைக்கூட இறக்குவதில்லை.

"ராசியில்லாத டிரைவர்"

இஞ்சின் சூடு மிஞ்சினால் நடப்பது என்ன? அலுமினியம், வார்ப்பிரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியக் கூடியது. இரும்புப் பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் வைத்த இஞ்சினில், சூடு மிஞ்சியதும் ஹெட் வளைகிறது. கேஸ்கட் போகிறது. தண்ணீர் எண்ணெயோடு கலக்கிறது. அதற்கு மேலும் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக் கொண்டு இஞ்சின் சீஸ் ஆகிவிடுகிறது. இதில் ஏவல் இல்லை, பில்லி சூனியம் இல்லை, கண்ணேறு இல்லை. எல்லாம் உலோகத்தின் குணம்.

ஆனால் நம் நாட்டில் முதலாளி என்ன சொல்லுகிறான்? "இந்த டிரைவர் கை வைத்தான், வண்டி போச்சு, ராசியில்லாதவன்" என்கிறான். சம்பளத்தைப் பிடித்துக் கொள்ளுகிறான். ஸ்டாண்டில் நாலு பேரிடம் சொல்லுகிறான். பிறகு அந்தத் தோழனுக்கு வேறு எவனும் வண்டி கொடுப்பதில்லை. விதவையைப் பார்த்து "சகுனம் சரியில்லை" என்று ஒதுக்கிய அதே புத்திதான் டிரைவரைப் பார்த்து "ராசி சரியில்லை" என்று ஒதுக்குகிறது. மூடி பழுதா, பெல்ட் தளர்ந்ததா, மின்விசிறி சுற்றவில்லையா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஏனெனில் பார்த்தால் செலவு முதலாளிக்கு வந்துவிடும். ராசி என்று சொல்லிவிட்டால் செலவு டிரைவர் தலையில் போய்விடும். ராசி என்னும் நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பது இப்போது தெரிகிறதா?

சொந்த வண்டிக்காரனின் கதியோ இதைவிட மோசம். வண்டி பட்டறையில் நிற்கும் மாதத்திலும் கடன் தவணை நிற்பதில்லை. பிள்ளைகளின் படிப்புப் பணமும் வீட்டுப் பெண்களின் நகையும் இஞ்சினுக்குப் போகின்றன. அப்போதும் அவர் ஜோசியனிடம் போய் "எனக்கு ஏழரைச் சனியா?" என்று கேட்கிறார். ஜோசியனும் தட்சணை வாங்கிக் கொண்டு "ஆம்" என்கிறான்.

கம்பெனி முள்ளும் ஒரு பூசாரியே

"வண்டியிலேயே கம்பெனி ஒரு முள் வைத்திருக்கிறதே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அந்த முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரையில் சூடு எங்கே இருந்தாலும், முள் நட்டநடுவில் அசையாமல் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் ஏறி இறங்கினால்கூட வாங்கினவர்கள் பயந்து போய்ச் சர்வீஸுக்கு வந்து கேட்கிறார்களாம். அதனால் அவர்களுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்னும் சில வண்டிகளில் முள்ளே கிடையாது. ஒரு சிவப்பு விளக்குதான். அது எரியும்போது அநேகமாய்க் காரியம் மிஞ்சிப் போயிருக்கும்.

"உனக்கு ஏன் அந்த விவரம்? எல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம், நீ நிம்மதியாயிரு" என்பதுதானே இதன் பொருள்? இதைத்தானே புரோகிதனும் நம் பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறான்? மந்திரத்தின் அர்த்தத்தை உனக்குச் சொல்ல மாட்டேன் என்பவனுக்கும், இஞ்சினின் சூட்டை உனக்குச் சொல்ல மாட்டேன் என்கிற முள்ளுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை.

இது இன்று புதிதாக வந்த கோரிக்கையுமல்ல. அமெரிக்காவில் போர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை செய்த மாடல் டி மோட்டாரில் சூடு காட்டும் கருவியே கிடையாது. அந்தக் கம்பெனி தன் தொழிற்சாலையிலேயே பிக்கப் உடல் வைத்து வண்டி விற்க ஆரம்பித்தது 1925-ல். கருவியில்லாத மோட்டார்களை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? "மோட்டோமீட்டர்" என்ற உஷ்ணமானியை வெளியில் வாங்கி, ரேடியேட்டர் மூடியின் மேலேயே திருகி வைத்து, ஓட்டுகிற இடத்திலிருந்தே பார்த்துக் கொண்டார்கள். கம்பெனி கொடுக்காத அறிவைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிக் கொண்டார்கள். நாம் ஏன் வாங்கிக் கொள்ளக் கூடாது?

பொருத்துவது எப்படி?

மீட்டரில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, மின்சாரம் வேண்டாதது. ஈதர் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவம் அடைத்த சிறு குமிழைக் கூலண்டில் வைப்பார்கள். சூடு ஏற ஏற உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறி, மெல்லிய செப்புக் குழாய் வழியாக வந்து, மீட்டருக்குள் இருக்கும் வளைந்த குழாயை நிமிர்த்த, முள் திரும்புகிறது. அந்த வளைந்த குழாய்க்குப் பிரான்ஸ் தேசத்து பூர்தோன் என்பவர் 1849-ல் உரிமை பெற்றார். இந்த மீட்டரின் குழாயை வெட்டவோ மடிக்கவோ கூடாது. வெட்டினால் மீட்டர் செத்தது.

மற்றொன்று மின்சார மீட்டர். கூலண்டில் ஒரு சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதை மீட்டர் டிகிரியாகக் காட்டும். நம் தோழர்களுக்குச் சுலபமானது இதுதான்.

சென்சாரைப் பொருத்தச் சிறந்த இடம், ஹெட்டிலோ தெர்மோஸ்டாட்டுக்கு இஞ்சின் பக்கத்திலோ காலியாக இருக்கும் திருகு துளையாகும். அப்படி இடமில்லையென்றால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் உலோக அடாப்டரை வைத்து இரண்டு பக்கமும் கிளாம்ப் போடலாம். அப்போது இரண்டு சங்கதிகளை மறக்கக் கூடாது. ஒன்று, தெர்மோஸ்டாட் திறக்கும் வரையில் அங்கே சூடான தண்ணீர் சரியாக வராது. ஆகையால் முதலில் மீட்டர் குறைவாகக் காட்டும். இரண்டு, அடாப்டரின் இரு பக்கமும் ரப்பர். ஒற்றை வயர் சென்சாருக்கு இஞ்சின் உடலிலிருந்து கிடைக்க வேண்டிய எர்த் அங்கே கிடைக்காது. அடாப்டரிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து இஞ்சினில் எர்த் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "மீட்டர் போலி" என்று திட்டுகிறவர்கள் அநேகர்.

கம்பெனி வைத்த சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் நம்முடையதை வைக்கக் கூடாது. இஞ்சினின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத்தான் டீசல் அளவையும் மின்விசிறியையும் நடத்துகிறது. மீட்டருக்கு மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வருகிற வயரிலிருந்து, சிறு பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். வயர் தகரத் துளையில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், அதிர்ச்சியில் வயர் அறுந்து தீப்பிடிக்கக் கூடும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வயர் போகக் கூடாது. ரேடியேட்டர் மூடியை இஞ்சின் சூடாயிருக்கும்போது திறக்கவே கூடாது. மூடியில் சுமார் ஒரு காற்று மண்டல அழுத்தம் கூடுதலாக அடைபட்டிருப்பதால், வெறுந்தண்ணீர்கூட உள்ளே சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த கணமே அது குப்பென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

மீட்டரை எங்கே வைப்பது? ரோட்டை மறைக்காமல், கண்ணைச் சிறிது திருப்பினால் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். ஏர்பேக் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. அநேக வண்டிகளில் பொருத்தமான இடத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். யார் அங்கே இருந்தால் உங்களுக்கு உபயோகம் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

டர்போ உள்ள டீசல் பிக்கப்பில், தண்ணீர்ச் சூட்டோடு புகையின் சூட்டையும் அளக்கத் தனி மீட்டர் உண்டு. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்த முனையைச் சூடாக்கினால் சிறிது மின்சாரம் உண்டாகும் என்று சீபெக் என்பவர் 1821-ல் கண்டதே அதற்கு ஆதாரம். பாரத்தோடு ஏறும்போது தண்ணீர்ச் சூடு ஏற நேரம் பிடிக்கும். புகைச் சூடோ சில விநாடியில் ஏறிவிடும். டர்போவுக்கு முன்னால் அது 700 டிகிரியை நெருங்கி நெடுநேரம் நிற்குமானால், ஆக்சிலேட்டரைத் தளர்த்திக் கியரைக் குறைக்க வேண்டும். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். உங்கள் பிஸ்டன் அலுமினியக் கலவைதான். ஆனால் இதைப் பொருத்த மேனிபோல்டில் துளை போட வேண்டும். அதைக் கழற்றி வைத்துத்தான் துளைக்க வேண்டும். நிமிஷத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போவுக்குள் ஓர் இரும்புத் துருவல் போனாலும் போதும், அது நாசமாகிவிடும்.

மீட்டரையும் நம்பாதீர்கள்

தோழர்களே! கடவுளை நம்பாதே, மீட்டரை நம்பு என்று சொல்ல நாம் வரவில்லை. அது ஒரு சாமியை இறக்கி இன்னொரு சாமியை ஏற்றியதாகும். பொருத்துவதற்கு முன்னால் மீட்டரையும் பரீட்சை செய்யுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சென்சாரைப் பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிட்டு, பாட்டரியோடும் மீட்டரோடும் வயரைச் சேருங்கள். சமவெளியில் அது 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐந்தாறு டிகிரி தப்பிக் காட்டினால், எவ்வளவு தப்பு என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். அதற்கு மேல் தப்பினால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுங்கள். இப்பரீட்சையை உதகமண்டலத்தில் செய்தால் 92, 93 டிகிரிதான் காட்டும். அது மீட்டரின் பொய்யல்ல. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் அங்கே சீக்கிரம் கொதிக்கிறது. எந்த ஜாதியான் அடுப்பு மூட்டினாலும், எந்த நட்சத்திரத்தில் மூட்டினாலும், ஒரே இடத்தில் ஒரே டிகிரியில்தான் கொதிக்கும். இப்படிப்பட்ட பரீட்சைக்கு உட்பட்ட கடவுள் ஒருவராவது உண்டா?

இன்னொரு எச்சரிக்கை. கூலண்ட் முழுவதும் ஒழுகிப் போய்விட்டால் சென்சார் வெறுங்காற்றில் நிற்கும். அப்போது இஞ்சின் வெந்து கொண்டிருந்தாலும் மீட்டர் குறைவாகக் காட்டலாம். ஆதலால் சூடு திடீரென்று இறங்கினாலும் சந்தேகப்பட வேண்டும். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவைப் பார்ப்பதை மீட்டர் வந்ததற்காக விட்டுவிடக் கூடாது.

பொருத்திய பிறகு ஒரு மாதத்திற்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். காலி வண்டியில் எத்தனை, பாரத்தில் எத்தனை, மலை ஏற்றத்தில் எத்தனை, மத்தியான வெயிலில் எத்தனை என்று குறியுங்கள். வழக்கமாக 88 காட்டுகிற இடத்தில் ஒருநாள் 97 காட்டினால், அது அபாயம் அல்ல, சேதி. கம்பெனி முள் அப்போதும் நடுவில்தான் நிற்கும். உங்களுக்கு மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடும். பெல்ட்டையும் மூடியையும் ரேடியேட்டர் கண்ணையும் பாருங்கள். வழியில் சூடு மிஞ்சினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். கூலண்ட் இருந்தால் பாரமில்லாமல் கொஞ்சம் ஓடவிட்டுக் குளிரச் செய்யுங்கள். கூலண்ட் போய்விட்டதென்றால் உடனே நிறுத்துங்கள். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் வெடித்துவிடும்.

அந்த நோட்டுப் புத்தகந்தான் கூலிக்கு ஓட்டும் டிரைவருக்குக் கவசம். "ஐயா, பத்து நாளாகச் சூடு ஏறிக் கொண்டு வருகிறது, இன்ன தேதியில் சொன்னேன், நீங்கள் மூடி மாற்றித் தரவில்லை" என்று எண்ணைக் காட்டிப் பேசுகிறவனிடம் எந்த முதலாளியும் ராசிக் கணக்குப் பேச முடியாது. எண்ணுக்குப் பதில் எண்தான் சொல்ல வேண்டும்.

ஆட்சேபணைகள்

"இருபது வருஷமாக எலுமிச்சம்பழம் கட்டித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு பெரியவர் கேட்பார். அவருக்கு நாம் சொல்லுவது, ஒருநாள் பட்டறைக்கு வந்து பாருங்கள் என்பதுதான். ஹெட் இறக்கி வைத்திருக்கிற வண்டிகளின் முன்னாலும் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. தப்பித்தவனை மட்டும் கணக்கில் எடுத்து, மாட்டிக் கொண்டவனைக் கணக்கில் விட்டுவிட்டால் எந்தப் பழத்திற்கும் மகிமை வந்துவிடும்.

"மீட்டருக்குச் செலவாகுமே" என்பார் மற்றொருவர். பழமும் மிளகாயும் வாரத்திற்கு 20 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் வருஷத்திற்கு 1,040 ரூபாய் ஆகிறது. பூசணிக்காயும் கற்பூரமும் பூசாரி தட்சணையும் தனி. இந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதவர்கள் மீட்டருக்கு மட்டும் கணக்குப் பார்ப்பானேன்? ஆயுத பூஜையன்று வண்டியைத் தேய்த்துக் கழுவிச் சந்தனம் வைக்கிறீர்கள். அதே நாளில் ரேடியேட்டரின் கண்ணைக் கழுவிப் பழைய கூலண்டை மாற்றினால் யார் வேண்டாமென்கிறார்கள்?

"இதெல்லாம் படித்தவர்கள் வேலை" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இதுதான் நமக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது. பட்டறையில் பத்து வயதிலிருந்து கரி பூசிக்கொண்டு தொழில் கற்ற தோழனுக்கு, இஞ்சினின் சப்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லத் தெரிகிறது. அவனுக்கு ஒரு சென்சாரும் இரண்டு வயரும் புரியாது என்று அவனையே நம்பும்படி செய்தது யார்? அறிவு சிலருடைய பிறப்புரிமை என்று நெடுங்காலமாகச் சொல்லி வைத்ததன் பலன் அல்லவா இது?

ஆகவே, தோழர்களே! உங்கள் வண்டியின் சூடு எத்தனை டிகிரி என்று யாராவது கேட்டால், "எல்லாம் அவன் செயல்" என்றும் சொல்ல வேண்டாம், "முள் நடுவில் இருக்கிறது" என்றும் சொல்ல வேண்டாம். நீங்களே பரீட்சித்து, நீங்களே பொருத்தி, நீங்களே குறித்து வைத்த எண்ணைச் சொல்லுங்கள். வண்டியில் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், அது வண்டியோடு நிற்காது. ஜோசியனிடமும் புரோகிதனிடமும் அரசியல்வாதியிடமும், நம்மிடமுங்கூட, "உன் சொல்லுக்கு அளவு எங்கே? பரீட்சை எங்கே?" என்று கேட்கிற தைரியம் தானாகவே வரும். அந்தத் தைரியம் உங்களுக்கு வரவேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.